ஒரு சிடி ஸ்கேன் எடுத்தா கேன்சர் ரிஸ்க் இவ்ளோன்னு எப்படி கணக்கு போடுறாங்க?

சிடி ஸ்கேன்ல உடம்புக்குள்ள கொஞ்சம் கதிர்வீச்சு போகுது, அதோட ரிஸ்க் கணக்குக்கு அடிப்படையே ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டுல உயிர் தப்பினவங்கதான். 1950ல இருந்து சுமார் 1,20,000 பேரை ஆயுசு முழுக்க ஃபாலோ பண்றாங்க, அதுல குண்டு விழுந்தப்போ ஊர்லயே இல்லாதவங்களும் உண்டு. குண்டு விழுந்த நேரம் எங்க நின்னீங்க, வீட்டுக்குள்ளயா வெளியவா, நடுவுல எந்த சுவர் இருந்துச்சுன்னு குண்டு விழுந்த இடத்துக்குக் கிட்ட இருந்தவங்ககிட்ட கேட்டு, வீட்டோட படம் வரைஞ்சு டோஸை, அதாவது அவங்க வாங்கின கதிர்வீச்சு அளவை கண்டுபிடிச்சாங்க. அந்த பொறுமைய நினைச்சா எனக்கு இப்பவும் பிரமிப்பா இருக்கு.

அப்புறம் டோஸ் ஏற ஏற கேன்சர் எவ்ளோ கூடுதுன்னு கிராஃப் போட்டா, கட்டியா வர்ற கேன்சர்களுக்கு கிட்டத்தட்ட நேர்கோடு வருது, ரத்தப்புற்றுக்கு மட்டும் வளைஞ்சு மேல ஏறுது. 30 வயசுல 1 கிரே (உடம்பு வாங்குற கதிர்வீச்சை அளக்கிற அலகு) வாங்கினவருக்கு 70 வயசுல கட்டியா வர்ற கேன்சர் ரிஸ்க் சுமார் 47% அதிகம், அதே டோஸை சின்ன வயசுல வாங்கியிருந்தா இன்னும் அதிகம், அதனாலதான் மாடல்ல வயசு, ஆணா பெண்ணாங்கிறதெல்லாம் சேர்க்கிறாங்க.

சிக்கல் எங்கன்னா, வயித்து சிடி ஸ்கேன் சுமாரா 10 மில்லிசீவர்ட்தான் (இதுவும் கதிர்வீச்சு அலகுதான், சிடி ஸ்கேனுக்கு 1000 மில்லிசீவர்ட்டை சுமார் 1 கிரேன்னு வச்சுக்கலாம்), அவ்ளோ கம்மி டோஸ்ல நேரடி டேட்டா ரொம்ப பலவீனம், அதனால அந்த நேர்கோட்டை பூஜ்யம் வரைக்கும் நீட்டிடுறாங்க. அமெரிக்க தேசிய அகாடமி கணக்குப்படி 100 மில்லிசீவர்ட்டுக்கு 100 பேர்ல ஒருத்தருக்கு கூடுதலா கேன்சர் வரலாம், அதே 100 பேர்ல 42 பேருக்கு வேற காரணங்களால எப்படியும் வரும். அப்போ அதுல பத்துல ஒரு பங்கான உங்க வயித்து ஸ்கேனுக்கு 1000 பேர்ல ஒருத்தருக்கு, டாக்டர் தேவைன்னு சொன்னா தயங்காம எடுங்க.