ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள்

"புதிதாகச் சிறைகள் கட்டினால் நெரிசல் தீர்ந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தீராது, ஜாமீன் கிடைத்தவர்களே வெளியே வர முடியாமல் உள்ளே கிடக்கும்வரை. உங்களுக்கு வேண்டியவர் யாரோ உள்ளே இருக்கிறார் என்று தோன்றுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இடம் சுமார் 4.36 லட்சம் பேருக்கு, இருந்தவர்கள் 5.73 லட்சம். அதில் 4-ல் 3 பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். உ.பி., டெல்லியோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் மொத்தக் கணக்கில் நெரிசல் இல்லை என்பீர்கள். சரி, ஆனால் என் சித்தி பையன் இருந்த கிளைச்சிறையில் புதிதாக வருபவனுக்குக் கழிப்பறை ஓரம்தான் படுக்க இடம். மனு போட்டுப் பார்க்கப் போனபோது அவனே சொன்னான்.

கோயில் திருவிழாவில் நடந்த கைகலப்பு வழக்கு. ஜாமீன் சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். சித்தப்பாவுக்குச் சொந்த வீடு உண்டு, ஆனால் அதற்குச் சான்றாகக் காட்ட வேண்டிய வீட்டு வரி ரசீது இறந்துபோன தாத்தா பெயரில். கோர்ட்டில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள்கூட "கோர்ட் படி மட்டும் ஏறச் சொல்லாதீங்க" என்றார்கள். கடைசியில் தாய்மாமா ஊரிலிருந்து ரசீதோடு வந்தார், அவர் கூட்டிவந்த சம்பந்தி இன்னொரு கையெழுத்துப் போட்டார். அதுவரை ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் பையன் உள்ளேதான் கிடந்தான்.

"குற்றவாளிக்கு வக்காலத்தா?" என்று கேட்க வருபவர்களுக்கு: அவன் செய்தது சரியென்று நான் சொல்லவே இல்லை. வழக்கு நடக்கட்டும், தப்பென்றால் தண்டிக்கட்டும். வெளியே விடலாம் என்று நீதிபதியே சொன்ன பிறகு ஒரு ரசீதுக்காக ஏன் அடைத்து வைக்க வேண்டும்?

அந்த ரசீதைத் தாத்தா பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்றச் சித்தப்பா எத்தனை வருடமாக அலைகிறார் தெரியுமா? வாரிசுச் சான்று கொடுத்தாயிற்று, கேட்ட பத்திரமெல்லாம் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் "சார் கேம்ப் போயிருக்கார்" என்ற ஒரே பதில். பணமும் கேட்டார்கள், அதை எங்கே போய்ச் சொல்வது!

உங்கள் ஆளுக்கு ஜாமீன் கிடைத்து ஒரு வாரமாகியும் வெளியே வரவில்லையென்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு (ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்யும் அமைப்பு) தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஒரு மாதம் தாண்டினால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்குப் பண உதவி செய்யும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. எங்களுக்கு இதை யாருமே சொல்லவில்லை. ஆணைக்குழு அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். ஜாமீன் உத்தரவின் நகலோடு நாளைக்கே போய் மனுக் கொடுங்கள்.