வல்லாரையும் அம்மாவின் கால் வீக்கமும்

கேள்வி: வணக்கம் டொக்டர். என் அம்மாவுக்கு 67 வயது. முப்பது வருடத்துக்கு மேல் நின்றபடி படிப்பித்த ஆசிரியை. இரண்டு காலிலும் நீல நரம்புகள் புடைத்துக் கிடக்கின்றன. நாலைந்து மாதமாகப் பின்னேரமானால் கணுக்காலும் வீங்குகிறது. பிரஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் குளிசை எடுக்கிறார். ரொறொன்ரோவில் இருக்கும் அக்கா, இரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று 'கொட்டுகொல' கப்சூல் இரண்டு போத்தல் அனுப்பியிருக்கிறார். "வல்லாரைதானே, சம்பலாகச் சாப்பிடுகிறோம், கப்சூலுக்கு என்ன பயம்?" என்று அம்மா கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு மகள், உரும்பிராய்

பதில்: தங்கச்சி, போத்தலைத் திறக்க முதல் அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுங்கள். பிரஷர் குளிசை என்று எழுதியிருக்கிறீர்கள், பெயரை எழுதவில்லை. அது அம்லோடிபினா? அப்படியென்றால் எப்போது தொடங்கினார்கள், 5 மில்லிகிராமை 10 ஆக எப்போது கூட்டினார்கள் என்று திகதியைப் பாருங்கள். நரம்புப் புடைப்பு எத்தனையோ வருடமாக இருந்திருக்கும். வீக்கம் மட்டும் நாலைந்து மாதத்துக்கு முன் புதிதாக வந்திருக்கிறது. அதுதான் எனக்கு இடிக்கிறது.

அம்லோடிபின் நல்ல மருந்து. ஆனால் இரத்தத்தைக் கொண்டுவரும் சின்னக் குழாய்களைத் தளர்த்துகிற அளவுக்கு, திருப்பிக் கொண்டுபோகும் நாளங்களை அது தளர்த்துவதில்லை. இடையில் நீர் கசிந்து கணுக்காலில் தேங்கிவிடும். அளவு கூடக் கூட வீக்கமும் கூடும், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். இதற்கு வல்லாரை ஒன்றும் செய்யாது. டொக்டர் அளவைக் குறைத்தாலோ குளிசையை மாற்றினாலோ சில நாட்களில் வற்றிவிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரஷர் ஏறிவிடும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு அம்மா இதே மாதிரி வீங்கிய காலோடு வந்தார். மூன்று கிழமை வல்லாரைச் சாறு கொடுத்தேன். வீக்கம் அசையவில்லை. நாலாம் முறை வந்தபோதுதான் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவர் மூன்று கிழமை அந்தக் காலை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துபோனது இன்றும் மனதில் கிடக்கிறது. அன்றிலிருந்து கொப்பி பார்க்காமல் ஒரு இலையும் சொல்வதில்லை.

சரி, புடைத்த நரம்புக்கு வருவோம். தோட்டக் கிணற்றில் விடும் பைப்பின் அடியில் புட்வால்வு இருக்கும். அது தேய்ந்தால் பம்ப் நின்றதும் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். கால் நாளங்களுக்குள்ளும் அப்படியான சின்ன வால்வுகள் வரிசையாக இருக்கின்றன. பம்ப் எது என்றால் கெண்டைக்கால் தசை. வருடக்கணக்காக அசையாமல் நின்றால் பம்ப் ஓடாது, வால்வும் தளரும், இரத்தம் கீழே தேங்கி நாளம் புடைக்கும்.

வல்லாரை இங்கே எப்படி வந்தது? என் அப்பா பரியாரியார். கிணற்றடியில் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமெல்லாம் வல்லாரைதான். அவர் அதைத் தோல் வியாதிக்கும் ஆறாத புண்ணுக்கும் ஞாபகத்துக்கும் கொடுத்தார். கால் நரம்புக்கென்று கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அந்தப் பயன்பாடு பிற்காலத்து ஐரோப்பிய ஆய்வுகளிலிருந்து வந்தது. மடகஸ்கார் வல்லாரையிலிருந்து ஆசியாற்றிகோசைட் என்ற பொருளை 1941 இல் பிரித்தெடுத்தார்கள். அதுவும் அதன் கூட்டாளிப் பொருட்களும் புண் ஆறுவதற்கும் நாளச் சுவரைத் தாங்கும் இழைகளுக்கும் உதவுகின்றன. இந்தப் பொருட்கள் எப்போதும் ஒரே அளவில் இருக்கும்படி எடுத்த சாரத்தை நாளுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை ஒன்றிரண்டு மாதம் கொடுத்துப் பார்த்ததில் கால் பாரமும் கணுக்கால் வீக்கமும் குறைந்திருக்கின்றன. பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். புடைத்த நாளம் பழையபடி சுருங்கும் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. ஆனால் சம்பல் வேறு, சாரம் வேறு. திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பிடி வல்லாரை வாங்கி, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு பிசைந்து தேசிக்காய் விட்டால் அது சாப்பாடு. அந்த இலையில் பெரும்பகுதி தண்ணீர். கப்சூலில் இருப்பது நிறைய இலையின் சத்தை இறுக்கி எடுத்தது. 2005 இல் அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்கு 20 முதல் 60 நாட்களுக்குள் ஈரல் பழுதாகி மஞ்சள் காமாலை வந்ததை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். நிறுத்தியதும் குணமானார்கள். அரிதான விஷயம்தான். ஆனாலும் அம்மா எடுக்கும் கொலஸ்ட்ரோல் குளிசையையும் ஈரலைக் கவனித்துத்தான் கொடுப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கப்சூல் இப்போதைக்கு வேண்டாம். சம்பலைக் கிழமையில் இரண்டு மூன்று நாள் தாராளமாகக் கொடுங்கள். வாய்க்கால் ஓரம் பிடுங்கியது என்றால் எந்தத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் என்று பாருங்கள். வல்லாரை மண்ணில் உள்ள கெட்டதையும் சேர்த்து உறிஞ்சும்.

ஒரு தையல் நாடாவை எடுத்து, கணுக்கால் மொளிக்குக் கொஞ்சம் மேலே, காலை எழும்பியதும் ஒரு தடவை, பின்னேரம் 6 மணிக்கு ஒரு தடவை அளந்து இரண்டு கிழமை எழுதுங்கள். முன்னெலும்பின் மேல் பெருவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்தி, குழி விழுகிறதா என்றும் பாருங்கள். அந்தத் தாளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இறுக்கமான காலுறை நல்லது, ஆனால் பாதத்தில் நாடி சரியாக ஓடுகிறதா என்று வைத்தியர் தொட்டுப் பார்த்த பிறகுதான். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறது என்றால் அது வேறு வருத்தம், அதற்குக் காலுறை ஆபத்து.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டை நொந்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா இதய வால்வு மாற்றி, இரத்தம் கட்டாமல் இருக்க வார்பரின் குளிசை எடுக்கிறார். வல்லாரையை முழுதாக விடவேண்டுமா?
– ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: விடவேண்டாம் தம்பி. கீரைகளில் உள்ள விற்றமின் கே வார்பரினுக்கு எதிராக வேலை செய்யும். ஒரு கிழமை தினமும், அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்று மாறி மாறிச் சாப்பிட்டால்தான் இரத்தப் பரிசோதனைக் கணக்குக் குழம்பும். கிழமைக்கு எத்தனை நாள் என்று ஒன்றைப் பிடித்து, அதை மாற்றாமல் இருங்கள். கிளினிக்கிலும் சொல்லிவையுங்கள். சாறும் தூளும் கப்சூலும் அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.