மிதக்கும் பனியும் நிற்கும் பனியும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க துருவப் பயணி வில் ஸ்டீகரைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில ஐயங்களைக் கேட்க விரும்புகிறேன்.

அண்டார்க்டிகாவில் லார்சன் பி என்ற மிதக்கும் பனிப்பரப்பு உடைந்ததே ஸ்டீகரைப் பருவநிலைப் பரப்புரையாளராக மாற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் உயராது என்பதை முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் செய்து காட்டியவன் நான். மிதந்துகொண்டிருந்தது உடைந்ததற்கு இத்தனை பதற்றம் ஏன்? அடுத்து, எரிபொருளைக் குடிக்கும் விமானங்களில் நாய்களை ஏற்றிக்கொண்டு துருவத்துக்குப் போனவர் புவி வெப்பமாதலைப் பற்றிப் பேசுவது முரண் அல்லவா? அந்த நாய்களை அவ்வளவு தூரம் வதைத்திருக்கவும் வேண்டுமா? செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் அளந்து சொல்லும் காலத்தில், எஸ்கிமோக்களைப் போல நாய் வண்டியில் போய் வந்த ஒருவரின் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு?

தவறாக எண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

தவறாக எண்ணவில்லை. என் கட்டுரையில் நான் விளக்காமல் விட்ட இடத்தில்தான் தாங்கள் கை வைத்திருக்கிறீர்கள். அதற்காக நன்றி சொல்ல வேண்டும்.

தமிழில் இதைப் பேசும்போது முதலில் ஒரு சொல் நம்மைத் தடுக்கிறது. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான், இமயத்தில் பெய்வதும் பனிதான், துருவக் கடல் உறைந்து கிடப்பதும் பனிதான். நம் நாளிதழ்கள் மலையிலிருந்து நகர்ந்து வருவதையும் கடலில் மிதந்து திரிவதையும் பனிப்பாறை என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுகின்றன. கனடாவின் வடக்கில் வாழும் இனுவிட் மக்களுக்குக் கடல்மேல் உறைந்தது 'சிகு', தரையில் பெய்து கிடப்பது 'அபுட்'. (எஸ்கிமோ என்பது பிறர் அவர்களுக்கு இட்ட பெயர்; அவர்கள் தங்களை இனுவிட் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.) ஆகவே இந்தப் பதிலில் நான் மூன்றைப் பிரித்துக்கொள்கிறேன். கடல்நீரே உறைந்து மிதப்பது கடல்பனி. நிலத்தின்மேல் பெய்து, பல்லாயிரம் ஆண்டுகளாக அழுந்தி இறுகி, தன் எடையாலேயே மெல்லச் சரிந்து வருவது பனியாறு. அந்தப் பனியாறு கரையைத் தாண்டிக் கடலுக்குள் நீண்டு, பின்பக்கம் நிலத்தோடு ஒட்டியபடியே முன்பக்கம் மிதப்பது பனித்தட்டு. லார்சன் பி ஒரு பனித்தட்டு.

தங்கள் குவளைக் கணக்கு கடல்பனிக்குப் பொருந்துகிறது; பனித்தட்டின் மிதக்கும் பகுதிக்கும் ஏறத்தாழ முழுமையாகவே பொருந்துகிறது. 2002 ஜனவரி இறுதிக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையே சுமார் 35 நாட்களில் 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பும் 220 மீட்டர் தடிமனும் கொண்ட லார்சன் பி நொறுங்கியபோது, அதனால் மட்டும் கடல் உயர்ந்துவிடவில்லை. அது நொறுங்கிய முறையில் தங்களுக்குப் பிடித்தமான இயற்பியல் இருக்கிறது. அண்டார்க்டிகத் தீபகற்பம் அரை நூற்றாண்டில் ஏறத்தாழ 2.5 பாகை செல்சியஸ் சூடேறியிருந்தது. கோடையில் பனித்தட்டின் மேற்பரப்பு உருகிக் குளங்கள் தேங்கின. அந்த நீர் வெடிப்புகளுக்குள் இறங்கியது. நீர் பனியைவிட அடர்த்தி மிக்கது என்பதால், நீர் நிறைந்த வெடிப்பு தன் அழுத்தத்தாலேயே மேலும் பிளந்துகொண்டு அடிவரை போகிறது. குறைந்தது 10,000 ஆண்டுகள் நிலைத்திருந்தது என்று கடலடிப் படிவுகள் காட்டிய ஒரு பரப்பு, மரக்கட்டையில் அடித்த ஆப்புகளைப் போல வேலை செய்த அந்த நீரால், ஒரு கோடையில் துண்டுதுண்டானது.

கடலை உயர்த்துவது அதற்குப் பின்னால் நடந்தது. பனித்தட்டு தன் பின்னாலிருக்கும் பனியாறுகளுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. முட்டு விலகியதும் ஹெக்டோரியா, கிரீன், எவன்ஸ், கிரேன் ஆகிய பனியாறுகள் வேகம் பிடித்தன. சிலவற்றின் வேகம் எட்டு மடங்குவரை கூடியது. அவை கொண்டுவந்து கொட்டுவது அதுவரை நிலத்தில் நின்றிருந்த பனி. தங்கள் குவளைக்கு வெளியே இருந்த பனி. இது தற்செயலாக இருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். அந்த ஐயத்துக்கு இயற்கையே விடை வைத்திருந்தது: லார்சன் பி-யின் தெற்கு மூலையில் பனித்தட்டு கொஞ்சம் உடையாமல் எஞ்சியது, அந்த எச்சத்துக்குப் பின்னால் இருந்த ஃபிளாஸ்க், லெப்பர்ட் பனியாறுகள் அப்போது அப்படி வேகம் கொள்ளவில்லை. ஆய்வகத்தில் நாம் ஒப்பீட்டுக்கென ஒரு குடுவையைத் தொடாமல் வைப்போமே, அப்படி.

இனி ஸ்டீகர். 1989 ஜூலை 27 அன்று, தென்துருவத்தின் நடுக்குளிர்காலத்தில், ஆறு நாடுகளைச் சேர்ந்த ஆறு பேர் சீல் நுனாட்டக்ஸ் என்ற இடத்திலிருந்து புறப்பட்டார்கள். (நுனாட்டக் என்பதும் இனுவிட் சொல்தான், பனிக்கு மேல் தலை நீட்டும் பாறைமுகடு. வடகோடி மக்களின் சொல் தென்கோடியின் வரைபடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.) அமெரிக்காவின் ஸ்டீகர், பிரான்சின் ழான்-லூயி எத்தியேன், சோவியத் ஒன்றியத்தின் விக்டர் பயார்ஸ்கி, பிரிட்டனின் ஜெஃப் சோமர்ஸ், ஜப்பானின் கெய்சோ ஃபுனாட்சு, சீனாவின் சின் தாஹே. டிசம்பர் 11 அன்று தென்துருவம். 1990 மார்ச் 3 அன்று மறுகரையில் மிர்னி என்னும் சோவியத் நிலையம். ஏறக்குறைய ஏழு மாதங்கள், 6,000 கிலோமீட்டர். சீல் நுனாட்டக்ஸ் இருப்பது லார்சன் பனித்தட்டின் மேலேயே. ஆகவே அந்தப் பயணத்தின் தொடக்க நாட்கள் முழுவதும் அவர்களுடைய கால்களுக்கும் நாய்களின் பாதங்களுக்கும் கீழே இருந்த நிலம், நிலமல்லாத அந்தத் தட்டுதான். பன்னிரண்டரை ஆண்டுகள் கழித்து அது இல்லை.

செயற்கைக்கோள் இருக்க இந்தச் சாட்சியம் எதற்கு என்கிறீர்கள். உடைவை நாளுக்கு நாள் படமெடுத்தது செயற்கைக்கோளே.  அளவீட்டில் ஸ்டீகர் அதனோடு போட்டியிடவில்லை. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவரான சின் தாஹே பனியியல் அறிஞர் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். நாள் முழுதும் சறுக்குவண்டிகளின் கூடவே சென்றுவிட்டு, மற்றவர்கள் கூடாரத்துக்குள் ஒடுங்கும் நேரத்தில் அவர் பனியில் குழி தோண்டி மாதிரிகளைச் சேகரித்தார். பனியிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின்) விகிதம், அது பெய்த காலத்தின் வெப்பநிலையை நமக்குச் சொல்லும். அதை வானத்திலிருந்து எடுத்துவிட முடியாது, யாராவது மண்வெட்டியோடு அங்கே நிற்க வேண்டும். அவரே பின்னாளில் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவில் அறிவியல் அடிப்படைகளை ஆராயும் பிரிவின் இணைத்தலைவர்களில் ஒருவராக 2007, 2013 ஆகிய இரு அறிக்கைகளை வழிநடத்தினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏற்பட்ட வெப்பமாதலுக்கு மனிதச் செயல்பாடே முதன்மைக் காரணமாக இருக்க மிக மிக அதிக வாய்ப்பு உண்டு என்று அறிவித்த அறிக்கை, இரண்டாவதாகச் சொன்ன 2013 அறிக்கைதான்.

விமானத்தைப் பற்றித் தாங்கள் சொன்னது உண்மை. அண்டார்க்டிகாவுக்கு நாய்களையும் மனிதர்களையும் கொண்டுசென்றது இல்யூஷின் சரக்கு விமானம். வழியில் உணவு இறக்கியது சிறு விமானம். 1986-இல் வடதுருவத்துக்கு ஸ்டீகர் சென்ற பயணத்தில், இடையில் எந்த உணவும் வரவழைக்காமல் சறுக்குவண்டிகளில் ஏற்றியதை மட்டுமே நம்பிப் போனார்கள். ஆன் பான்கிராஃப்ட், வடதுருவத்தைப் பனிமேல் நடந்தும் வண்டியோட்டியும் அடைந்த முதல் பெண் என்று அறியப்பட்டது அந்தப் பயணத்தில்தான். அங்கிருந்தும் திரும்பியது விமானத்தில். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் விமானமும் நாயும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். 1911-இல் அமுண்ட்சென் 52 நாய்களோடு தென்துருவத்துக்குப் புறப்பட்டு 11 நாய்களோடு திரும்பினார். இடையில் கொன்று, நாய்களுக்கும் மனிதர்களுக்கும் உணவாக்கினார்கள். திட்டமே அதுதான். ஸ்டீகர் 1986-இல் 49 நாய்களோடு கிளம்பினார். வண்டிச் சுமை குறையக் குறைய, தேவைப்படாத நாய்களை விமானத்தில் ஊருக்கு அனுப்பினார். விமானத்தின் எரிபொருள் ஒரு கணக்கு. அது காப்பாற்றிய உயிர்கள் இன்னொரு கணக்கு. இரண்டையும் பார்த்த பிறகும் தாங்கள் ஏற்க மறுக்கலாம். நான் ஏற்கிறேன்.

வதை என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்பேன். 1990 மார்ச் 1 அன்று, மிர்னி கண்ணுக்கெட்டும் தொலைவில் வரவேண்டிய கட்டத்தில், கெய்சோ ஃபுனாட்சு பனிப்புயலில் தன் நாய்களைக் கவனிக்கக் கூடாரத்தைவிட்டு வெளியே வந்தார். சில அடிகளில் வழி தவறினார். கையிலிருந்த சிறு கருவியால் பள்ளம் தோண்டி அதில் படுத்துப் பனி தன்னை மூடும்படி விட்டு, சுமார் 13 மணி நேரம் உயிரோடு இருந்தார். மற்ற ஐவரும் கயிற்றைப் பிடித்தபடி வட்டமிட்டுத் தேடி, மறுநாள் காலையில் அவரைக் கண்டுபிடித்தார்கள். ஏழு மாதப் பயணம் முடியும் தறுவாயில் ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்து எதற்காக வெளியே போனார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பயணத்தை இன்று யாராலும் திரும்பச் செய்ய முடியாது என்பதுதான் என்னை இன்னும் விடாமல் பிடித்திருக்கும் செய்தி. அவர்கள் போனதன் நோக்கங்களில் ஒன்று, அண்டார்க்டிகாவைக் கனிமச் சுரண்டலிலிருந்து காக்க வேண்டும் என்று உலக நாடுகளிடம் கேட்பது. அதற்காகப் பலரும் போராடினார்கள். பெருமை இவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1991 அக்டோபரில் மாட்ரிட்டில் கையெழுத்தான ஒப்பந்தம் அங்கே சுரங்கத் தொழிலைத் தடை செய்தது. அதே ஒப்பந்தம், வெளியிலிருந்து கொண்டுவந்த விலங்கு என்பதாலும் சீல் என்னும் கடல்விலங்குகளுக்கு நோய் தொற்றலாம் என்ற அச்சத்தாலும், 1994 ஏப்ரல் 1-க்குள் எல்லா நாய்களையும் அந்தக் கண்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்றது; வெளியேற்றினார்கள். ஆக, நாய்களும் போயின, அவை ஓடிய பனித்தட்டும் போயிற்று. நாய்கள் போனது நாடுகள் கூடிப் பேசி, காரணம் எழுதி, நாள் குறித்து எடுத்த முடிவினால். பனித்தட்டு போனதற்கு எவரும் முடிவெடுக்கவில்லை, எவரும் கையெழுத்திடவும் இல்லை. நாய்களை வெளியேற்ற ஒன்றுகூடிய நாடுகள் பனியைக் காத்துக்கொள்ள ஒன்றுகூடவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஸ்டீகரின் மேடைப் பேச்சுகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே கனம்தான் என்று நம்புகிறேன்.

2006-இல் அவர் தன் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பருவநிலைக் கல்வியே அதன் வேலை. அதன் பிறகு அவர் பயணங்களின் தன்மையே மாறியது. 2007-இல் கனடாவின் பாஃபின் தீவில் ஏறக்குறைய 1,200 மைல் தூரம் நாய்களோடு போனபோது இனுவிட் வேட்டைக்காரர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். துருவம் இலக்காக இல்லை, ஊர் ஊராக நின்று முதியவர்களைக் கேட்பதே வேலையாக இருந்தது. கடல் தாமதமாக உறைவதையும், தந்தை காட்டிய வழி மகனுக்கு நம்பமுடியாததாக ஆகிவிட்டதையும் சொல்ல அவர்களுக்குச் செயற்கைக்கோள் தேவைப்படவில்லை. நாய்களை வண்டியில் கட்டிப் பயணம் செய்வதே அவர்களுடைய மூதாதையரின் வழக்கம். கடல்பனியில் விசிறிபோல் பரப்பிக் கட்டும் முறையும் அவர்களுடையது. 2005 டிசம்பரிலேயே ஷீலா வாட்-கிளௌட்டியர் என்ற இனுவிட் தலைவர், 62 வேட்டைக்காரர்களோடும் முதியவர்களோடும் சேர்ந்து, அமெரிக்காவின் புகை தங்கள் மனித உரிமையைப் பறிக்கிறது என்று அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளுக்குப் பொதுவான மனித உரிமை ஆணையத்திடம் மனு கொடுத்திருந்தார்; ஆணையம் அதை விசாரணைக்கு ஏற்கவில்லை. அப்படிப்பட்ட மக்களின் பேச்சைத் தன் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குச் சுமந்து செல்ல ஓர் அமெரிக்கர் நாய்வண்டியோடு வந்ததில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றும் பேரப்பிள்ளைகளுக்கோ தெருப்பிள்ளைகளுக்கோ அந்தக் குவளைச் சோதனையைச் செய்து காட்டுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். அடுத்த முறை குவளைக்குப் பதில் அகலமான தட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் ஒரு சாய்பலகையை வைத்து, பலகைமேல் நான்கைந்து பனிக்கட்டிகளை அடுக்குங்கள். அவை சரியாமலிருக்க, நீரில் மிதக்கும் ஒரு பெரிய கட்டியை எதிர்விளிம்புக்கும் பலகைக்கும் இடையே முட்டுக் கொடுங்கள். நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, மிதக்கும் கட்டியின் மேல் மட்டும் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். எவ்வளவு வெந்நீர் விட்டீர்கள் என்பதைக் கழித்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குத் தாங்களே சொல்லிக்கொடுப்பீர்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.