அல்வாவுக்கு ஆகாதது வறுவலுக்கு ஆகும்

கேள்வி: பினாங்கில் மகள் வீட்டில் இருந்தபோது, புரட்டாசி விரதத்துக்கென்று ‘சைவ மட்டன்’ வறுவல் வாங்கி வந்தார்கள். நார் நாராகப் பிரிந்ததைப் பார்த்து என் கணவர் தொடவே இல்லை. சோயா என்கிறாள் மகள். கோதுமை என்கிறார் மருமகன். எது சரி? வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். அங்கே விற்கும் சைவ இறைச்சியில் சோயா, காளான் தண்டு, கோதுமைப் புரதம் எல்லாம் கடைக்கு ஒரு விதமாக இருக்கும். இழுத்தால் ரப்பராக நீள்வது குளூட்டன் என்கிற கோதுமைப் புரதம். சீனத்துப் பௌத்த மடங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் பண்டம் அது. உங்கள் கணவர் தயங்கியதிலும் நியாயம் உண்டு: சில பாக்கெட்டுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள். பின்பக்கத்தைப் படித்து வாங்கச் சொல்லுங்கள்.

மைதாவில் மஸ்கோத் அல்வா கிளறியிருக்கிறீர்களா? அப்படியானால் பாதி வேலை தெரிந்ததுதான். மாவுப் பாலைப் பிழிந்தபின் கையில் பிசுபிசுவென்று மிஞ்சுகிற சக்கையைத் தூக்கி எறிகிறோமே, அதுதான் அந்தக் குளூட்டன். அரை கிலோ மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்குங்கள். நடுவில் மாவெல்லாம் பிய்ந்து கரைந்து போவதுபோல் பயமுறுத்தும், விடாதீர்கள். இழைகள் ஒன்றுகூடி உருண்டையாகிவிடும். தேறுவது ஏறத்தாழ 150 கிராம்தான். (பாலைக் கொட்டிவிடாதீர்கள், அல்வா இருக்கிறது!) சப்பாத்தி மாவில் முயல வேண்டாம், தவிடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

உருண்டையை அரை மணி நேரம் வடியவிட்டு, சிறு துண்டுகளாக்கி, உப்பு, மஞ்சள், பட்டை, சோம்பு, இஞ்சி போட்ட தண்ணீரில் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் பஞ்சாக உப்பிவிடும். இதற்கென்று சொந்த ருசி கிடையாது, அந்தத் தண்ணீரில் ஏறுவதுதான். பிறகு பிழிந்து, சின்ன வெங்காயம், மிளகுத்தூள், கறிவேப்பிலையோடு நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். மட்டன் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வறுவல் என்று சாப்பிட்டால் தட்டு காலியாகும்.

கேள்வி: இதுவும் மீல் மேக்கரும் ஒன்றா? எல்லோரும் சாப்பிடலாமா?
– வாசகர், கரூர்

பதில்: இல்லை. மீல் மேக்கர், எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவில் செய்வது. இரண்டிலும் புரதம் நிறையவே உண்டு. ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். அதனால் சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். சீலியாக் நோய் (குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்களும் கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களும் மட்டும் ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாது.