வருமான வரி ரிட்டர்ன்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?
வாசகர் கேள்வி - பதில்

பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வருஷச் சம்பளம் 5,40,000 ரூபாய். கம்பெனியில் வரி எதுவும் பிடிக்கவில்லை. அப்படியும் ரிட்டர்ன் போட வேண்டுமா? வெளியே 1,500 ரூபாய் கேட்கிறார்கள். நானே போட முடியுங்களா?
- வாசகி, திருப்பூர்

போட வேண்டும். நீங்களே போடலாம், ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வரி வராது என்பதால் ரிட்டர்னும் வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் நிலைக்கழிவு (ரசீது கேட்காமலே சம்பளத்தில் கழித்துவிடும் தொகை) 75,000 ரூபாய். அது போக உங்கள் வருமானம் 4,65,000. அடிப்படை வரம்பான 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ரிட்டர்ன் கட்டாயம். 12 லட்சம் வரை உள்ள தள்ளுபடியால் வரி மட்டும் பூஜ்ஜியம். எல்.ஐ.சி. ரசீது, பள்ளிக்கூட ஃபீஸ் ரசீது எதையும் தேடி எடுக்கத் தேவையில்லை.

கம்பெனியில் ஃபார்ம் 16 (வருஷச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்று) கேளுங்கள். வரி பிடிக்காததால் தரவில்லை என்றால் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான 12 சம்பளச் சீட்டுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்ட வேண்டியது பி.எஃப். பிடிக்கும் முன் உள்ள மொத்தச் சம்பளத்தை. பாங்கில் வந்து விழுந்த தொகையை எழுதுவதுதான் சொந்தமாகப் போடுகிறவர்கள் அடிக்கடி செய்கிற தவறு.

அடுத்து, வருமான வரித் துறையின் இணையதளத்தில் பான் எண்ணை வைத்து உள்ளே போய் ஏ.ஐ.எஸ். என்ற அறிக்கையை இறக்குங்கள். உங்கள் பான் எண்ணில் பதிவான சம்பளம், டெபாசிட் வட்டி, பிடித்த வரி எல்லாம் அதில் இருக்கும். சேமிப்புக் கணக்கில் 900 ரூபாய் வட்டி வந்திருந்தாலும் அதையும் காட்ட வேண்டும். ஜூன் பாதிக்கு முன் அவசரப்படாதீர்கள். கம்பெனிகளும் பாங்குகளும் கடைசிக் காலாண்டுக் கணக்கைக் கொடுக்க மே 31 வரை நேரம் உண்டு. அதுவரை அறிக்கை அரைகுறையாகவே இருக்கும்.

பிறகு ‘இ-ஃபைல்’ பகுதியில் ரிட்டர்ன் தாக்கலைத் திறந்து, மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்ந்தெடுங்கள். சம்பாதித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுதான் மதிப்பீட்டு ஆண்டு. இங்கே தவறினால் முழு ரிட்டர்னும் வேறு வருஷத்துக்குப் போய்விடும். படிவம் ஐ.டி.ஆர்.-1. பல கட்டங்கள் நிரம்பியே வரும். சம்பளக் கட்டம் காலியாக இருந்தால் நீங்களே எழுதலாம்.

அனுப்பியதோடு வேலை முடியவில்லை. ஆதாரில் உள்ள செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு 30 நாளுக்குள் சரிபார்த்தால்தான் ரிட்டர்ன் கணக்கில் சேரும். சம்பளக்காரர்களுக்குக் கடைசி நாள் வழக்கமாக ஜூலை 31. தாமதித்தால், மொத்த வருமானம் 5 லட்சம் வரை இருப்பவருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் 5,000 ரூபாயும் தாமதக் கட்டணம்.

கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கிறோம். வளர்ப்புக் கூலியில் 1 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். கோழி வளர்ப்பும் விவசாயந்தானுங்களே? பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா? இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பும் இருக்கிறது.
- வாசகர், பல்லடம்

தோப்பில் காய் விற்ற பணம் விவசாய வருமானம், அதற்கு வரிவிலக்கு உண்டு. கோழிப் பண்ணை, பால் மாடு இரண்டும் வருமான வரிச் சட்டப்படி விவசாயம் அல்ல, தொழில். அதனால்தான் ஒப்பந்தக் கூலியாகக் கணக்கிட்டு வரி பிடிக்கிறார்கள். பான் எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

கணக்குப் புத்தகம் எழுதாத சிறு தொழிலுக்கு 44ஏடி பிரிவு இருக்கிறது. கூலி முழுவதும் பாங்க் வழியாக வந்தால் அதில் குறைந்தது 6 சதவீதத்தை, ரொக்கமாக வந்தால் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். வருஷம் 6 லட்சம் கூலி என்றால் 36,000 ரூபாய். இது குறைந்தபட்ச அளவு. உண்மையான லாபம் கூடுதலாக இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் பிடித்த 6,000 ரூபாயும் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும்.

உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 44ஏடி கணக்குக்கான எளிய படிவம் ஐ.டி.ஆர்.-4. ஆனால் விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் படிவம் செல்லாது. இரண்டு ஏக்கர் தென்னை நிச்சயம் தாண்டும். நீங்கள் ஐ.டி.ஆர்.-3 போட வேண்டும். அது நீளமானது, கட்டங்கள் குழப்பும். இந்த இடத்தில் ஆடிட்டருக்குக் கொடுக்கிற கூலி வீண் செலவு அல்ல. காய் விற்ற சீட்டுகளையும் கம்பெனி கொடுத்த பேட்ச் கணக்கையும் வரிசையாக அடுக்கிக் கொண்டு போனால் அவருக்கு நேரம் மிச்சம், கூலியையும் பேசிக் குறைக்கலாம்.

18,000 ரூபாய் வரி பிடித்திருக்கிறார்கள். முழுவதையும் வாங்கித் தருகிறேன், வருவதில் 20 சதவீதம் கொடு என்கிறார் ஒருவர். நம்பலாமா?
- வாசகர், பவானி

வேண்டாம். ரிட்டர்ன் போடுவதற்கு இவ்வளவு கூலி என்று பேசுகிறவரிடம் போங்கள். வருகிற பணத்தில் பங்கு கேட்பவருக்கு அந்தத் தொகையைப் பெருக்குவதில்தான் ஆதாயம். இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத நன்கொடை, கட்டாத மருத்துவக் காப்பீடு என்று எழுதிப் பணத்தை வரவழைப்பார். பிறகு நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். பொய்யாகக் குறைத்துக் காட்டிய வரியின் மேல் 200 சதவீதம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது, வட்டி தனி. யார் போட்டுக் கொடுத்தாலும் இணையதளத்தில் உங்கள் செல்போன் எண்ணும் உங்கள் மின்னஞ்சலும்தான் பதிவாகியிருக்க வேண்டும். அவர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் நோட்டீஸ் வந்ததுகூட உங்களுக்குத் தெரியாது. அனுப்பும் முன் முழுப் படிவத்தையும் வாங்கிப் படித்துப் பாருங்கள்.

ரிட்டர்ன் போட்டு மூன்று மாதமாகிறது. ரீஃபண்ட் தோல்வி என்று காட்டுகிறது. ஏன்?
- வாசகர், கரூர்

பெரும்பாலும் பாங்க் கணக்கில்தான் கோளாறு. முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட கணக்குக்குத்தான் பணம் அனுப்புவார்கள். நம்மிடம் இனிஷியல் வழக்கம் இருப்பதால் பான் கார்டில் ‘செல்வராஜ் பழனியப்பன்’ என்றும் பாங்கில் ‘ப. செல்வராஜ்’ என்றும் இருக்கும். பெயர் ஒத்துப்போகாமல் சரிபார்ப்பு நின்றுவிடும். பாங்கில் அடையாளச் சான்றைக் கொடுத்துப் பெயரைத் திருத்துவதுதான் வழி. உங்கள் ஊரிலேயே பிறந்த லட்சுமி விலாஸ் பாங்க் 2020-இல் டி.பி.எஸ். பாங்குடன் இணைந்தது. இப்படி இணைந்த பாங்குகளின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண் இன்னும் பதிவில் கிடந்தாலும் பணம் திரும்பிவிடும். சுயவிவரப் பக்கத்தில் கணக்கைத் திருத்திச் சரிபார்த்த பிறகு, சேவைகள் பகுதியில் ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கோரிக்கை போடுங்கள். பான் எண்ணும் ஆதாரும் இணையாமல் இருந்தாலும் ரீஃபண்ட் வராது. அதைத் தாமதமாக இணைக்க 1,000 ரூபாய் கட்டணம்.

புரியாத இடத்தில் 1800 103 0025 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

அப்பாவுக்கு 77 வயது. பென்ஷனும் டெபாசிட் வட்டியும் மட்டுமே. அவரும் போட வேண்டுமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

75 முடிந்தவருக்குப் பென்ஷன் வருகிற அதே பாங்கிலிருந்து மட்டும் வட்டியும் வந்து, வேறு வருமானமே இல்லையென்றால் ரிட்டர்ன் தேவையில்லை. பாங்கில் 12பிபிஏ படிவம் எழுதிக் கொடுத்தால் அவர்களே கணக்கிட்டு வரியைப் பிடித்துக்கொள்வார்கள். வேறொரு பாங்கிலோ தபால் ஆபீசிலோ டெபாசிட் போட்டு வட்டி வந்தால் இந்தச் சலுகை கிடையாது. அப்போது வழக்கம்போல ஐ.டி.ஆர்.-1 போட வேண்டும்.