தொட்டியில் பூச்செடி, தலைக்கு மேல் வெயில்: கேள்வி பதில்

கேள்வி: மொட்டைமாடியில் காலை 8 மணி முதல் மாலை 5 வரை வெயில், நிழலே கிடையாது. என்ன செடி வைக்கலாம்?

பதில்: யோசிக்காமல் காகிதப்பூ, அடீனியம், யூஃபோர்பியா மூன்றையும் வையுங்கள். ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் ஒன்றும் ஆகாது. அகலமான தொட்டி இருந்தால் பத்துமணிப்பூ. ஒரு துண்டுத் தண்டைக் கிள்ளி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். நித்தியகல்யாணியும் நன்றாக வரும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் சாய்ந்துவிடும். அடீனியம், யூஃபோர்பியா இரண்டின் பாலும் நஞ்சு. வெட்டும்போது கையுறை போடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: அக்கா, காகிதப்பூவை வாங்கியபோது இலையே தெரியாத அளவுக்குப் பூ. இப்போது 7 மாதமாக வெறும் இலைதான். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், 15 நாளுக்கு ஒருமுறை உரமும் போடுகிறேன்.

பதில்: நீங்கள் கவனிப்பதுதான் அதிகம். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இந்தச் செடி கொடி வீசிக்கொண்டே போகும், பூக்காது. உரத்தை நிறுத்துங்கள். நீண்ட கிளைகளின் நுனியை வெட்டுங்கள். புதுத்துளிரில்தான் பூ வரும். துளிர் கொஞ்சம் நீண்டதும், இளம் இலைகள் லேசாகத் தொங்கும்வரை காயவிட்டு, அப்புறம் தொட்டி நிறைய ஊற்றுங்கள். இப்படியே நாலைந்து முறை செய்தால் கிளை நுனியில் நிறம் தட்டும். பெரிய தொட்டிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், வேர் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும்.

அந்த நிறம் கூட இதழ் கிடையாது, இலைதான். ஒரு கொத்தைப் பறித்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். மூன்று வண்ண இலைகள், ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒட்டிக்கொண்டு தீக்குச்சி போல ஒரு குழல். அதன் நுனியில் வெள்ளையாக விரிவதுதான் பூ.

கேள்வி: கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் செம்பருத்தி. மண் ஈரமாக இருந்தும் மதியம் வாடுகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். மதியம் 2 மணிக்கு, வெயில் படும் பக்கத்தில் தொட்டியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உள்ளே வேர் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மண்ணின் சூடு 40 டிகிரியைத் தொட்டால் பல செடிகளின் வேர் தண்ணீரை உறிஞ்சத் திணறும். அந்த நேரத்தில் மேலும் ஊற்றினால் காற்றும் போகாமல் அழுகிவிடும். நானே இப்படி ஊற்றி ஊற்றி இரண்டு செடிகளைக் கொன்றிருக்கிறேன்.

இந்தத் தொட்டியை அப்படியே ஒரு பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தேங்காய் நாரை அடையுங்கள். அடியில் செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்குங்கள். மாலையில் செடி நிமிர்ந்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் தொங்கினால் வேரைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அடீனியத்தின் அடித்தண்டு மெத்தென்று இருக்கிறது. அழுகலா?

பதில்: மண் எலும்பாகக் காய்ந்து, தண்டு முழுக்க ஒரே மாதிரி தளர்ந்திருந்தால் தாகம்தான், தண்ணீர் கொடுத்தால் இறுகிவிடும். ஈர மண்ணில் ஒரு இடம் மட்டும் குழைந்திருந்தால் அழுகல். சுத்தமான கத்தியால் பழுப்பு போகும்வரை சீவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, மணல் தூக்கலான கலவையில் திரும்ப நடுங்கள்.

கேள்வி: தொட்டி அடியில் ஜல்லி போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஜல்லிக்கு மேலே மண்ணில்தான் ஈரம் தேங்கும். ஓட்டை திறந்திருந்தால் போதும்.

கேள்வி: இட்லிப்பூச் செடியில் இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

பதில்: இரும்புச்சத்துக் குறைவு. கடினத் தண்ணீரும் சிமெண்ட் தொட்டியும் மண்ணைக் காரமாக்கினால் இப்படி ஆகும். சீலேட் வடிவ இரும்பை (செடி எளிதில் உறிஞ்சும்படி செய்த இரும்பு உரம்) கரைத்து ஊற்றுங்கள், மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. சிமெண்ட் தொட்டியென்றால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பத்துமணிப்பூ வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வீடு வரும்போது எப்போதும் மூடியே இருக்கிறது. நோயா?

பதில்: நோயெல்லாம் இல்லை, மதியத்துக்கு மேல் அது கடையைச் சாத்திவிடும். பக்கத்தில் ஒரு தொட்டியில் அந்திமந்தாரை விதையைப் போடுங்கள். அதுவும் வெயில் தாங்கும், நீங்கள் படியேறும் நேரத்துக்குத்தான் விரியும்.