நிலவியல் படிக்க விரும்பும் மகளைப் பற்றிக் கேட்ட செங்கோட்டைத் தாயாருக்கு

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் மகள் பிளஸ் டூ முடித்தபின் நிலவியல் படித்து, பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகளின் கனிமங்களைக் கேதோடோலூமினசென்ஸ் படங்களால் ஆராய விரும்புகிறாள் என்றும், அந்தக் கருவியை இயக்கக் கற்றாலே வேலை கிடைத்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. கருவியைச் சில வாரங்களில் பழகிவிடலாம்; அது தரும் படத்தைப் படித்தறியத்தான் பல ஆண்டுக் கல்வி வேண்டும்.

மெருகேற்றிய கனிமத்தின் மீது எலக்ட்ரான் கற்றை விழும்போது அந்தக் கனிமம் ஒளி வீசுவதே கேதோடோலூமினசென்ஸ். உள்ளே நுண்ணளவில் கலந்துள்ள தனிமங்கள் அடுக்குக்கு அடுக்கு மாறுவதால், சாதாரண நுண்ணோக்கியில் ஒரே சீராகத் தெரியும் சிர்கான் என்ற கனிமத்தின் மணி இங்கே வெளிச்சமும் இருளுமான வளையங்களாகப் பிரிந்து தெரியும். நடுவில் நெருக்கமான வரிகள் இருந்தால் அப்பகுதி பெரும்பாலும் பாறைக்குழம்பில் விளைந்தது. அதைச் சூழ்ந்த வரியற்ற விளிம்பு, பிற்பாடு பூமிக்குள் வெந்தபோது வளர்ந்ததாக இருக்கலாம். யுரேனியம் மெல்ல ஈயமாக மாறுவதை அளந்து வயதைக் கணிக்கும் யுரேனியம்-ஈய முறையில், மணியின் மீது வைக்கும் லேசர் புள்ளி இவ்விரண்டையும் சேர்த்துத் தொட்டுவிட்டால், வரும் எண் எந்த நிகழ்வுக்கும் உரியதாகாது. எந்த இடத்தில் புள்ளி வைப்பது என்ற அந்தத் தீர்மானத்தில்தான் இத்துறையின் அறிவு முழுவதும் இருக்கிறது. எல்லாக் கனிமமும் ஒளிர்வதில்லை என்பதையும் அவள் அறிந்திருக்க வேண்டும்: மாங்கனீசு கலந்த கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம்) ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், இரும்பு மிகுந்தால் அதுவும் மங்கிவிடும்.

தங்கள் ஊரிலிருந்து மலையைக் கடந்தால் வரும் அச்சன்கோவிலின் பெயரால் வழங்கும் பெரும் பிளவு மண்டலத்தின் இருபுறமும் உள்ள பாறைகள், ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்தில் உருமாறியவை. உலகெங்கும் ஆராயப்படும் பாறைகள் வீட்டருகில் இருப்பது பெரும் வாய்ப்பு. விடுமுறையில் அவளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

பி.எஸ்சி. நிலவியலுடன் இயற்பியலையும் வேதியியலையும் விடாமல் படிக்கட்டும். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வின் வழியே இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர, முதுநிலைப் பட்டம் தேவை. ஆராய்ச்சியே விருப்பமென்றால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும் பிஎச்.டி.யும் வேண்டும்; திருவனந்தபுரத்திலேயே தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. அரசுப் பணியில் எந்த மாநிலத்துக்கும் அனுப்புவார்கள், மாதக்கணக்கில் களத்தில் முகாமிட நேரும் என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். பாறையை மெல்லிய சீவலாக அறுத்துத் தேய்க்கும் கூடம் இயங்குகிறதா, மாணவர்களே நுண்ணோக்கியில் உட்கார முடிகிறதா, ஆண்டுதோறும் களப்பயணம் நடக்கிறதா என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் நேரில் கேளுங்கள்.